பழைய தெரு, பழைய சட்டை

சிங்கப்பூரின் பூகிஸ் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் ஹாஜி லேனை அடையலாம். நார்த் பிரிட்ஜ் ரோட்டுக்கும் பீச் ரோட்டுக்கும் இடையே அமைந்துள்ள இச்சந்து மிகவும் குறுகலானது. அதன் இருபுறமும் இரண்டு தளங்கள் கொண்ட கடைவீடுகள் ஒன்றையொன்று ஒட்டியபடி நிற்கின்றன. சில சுவர்களில் பெரிய வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. கடைகளுக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளூர் வடிவமைப்பாளர்கள் தைத்த ஆடைகளும், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அணிந்த சட்டைகளும், கைவினை நகைகளும் கண்ணில் படும்.

பெரிய கடைத்தொகுதிகளில் ஒரே வகைச் சட்டை, ஒரே நிறத்தில், எல்லா அளவுகளிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இங்கோ ஒரு சட்டை இருந்தால் அதைப் போன்ற இன்னொன்று அதே கடையில் இருப்பது அரிது. அந்தச் சட்டை அளவாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான். இத்தகைய கடைகள் நகரின் நடுவே, அதுவும் குறிப்பாக இந்தச் சந்தில், எப்படி வந்து சேர்ந்தன? அவற்றால் நமக்கு என்ன பயன்? இக்கேள்விகளுக்கு விடை காண, அச்சந்து அமைந்துள்ள கம்போங் கிளாம் வட்டாரத்தின் வரலாற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

துணி வணிகம் வளர்ந்த இடம்

'கம்போங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சிற்றூர் என்பது பொருள். 'கெலாம்' என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பட்டையைக் கொண்டு படகுப் பலகைகளின் இடுக்குகளை அடைப்பது அக்கால வழக்கம். அம்மரங்கள் இங்கு மிகுந்திருந்ததால் இவ்வட்டாரத்துக்கு இப்பெயர் வந்தது என்பர். 1822ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இப்பகுதி சுல்தான் ஹுசேனுக்கும் மலாய், பூகிஸ், அரபு மக்களுக்கும் ஒதுக்கப்பட்டது. கடைகளின் முன்னே மக்கள் மழையிலும் வெயிலிலும் நடந்து செல்வதற்கு ஏற்ற கூரை வேய்ந்த நடைபாதை இருக்க வேண்டும் என்ற விதியும் அக்காலத்தில்தான் தோன்றியது. 'ஐந்தடி' என்று நாம் அழைக்கும் நடைபாதை அதுவே.

பீச் ரோடு அப்போது உண்மையிலேயே கடற்கரையை ஒட்டியிருந்தது. கடல் வழியாக வந்த வணிகர்கள் துணி, கம்பளம், அத்தர், பிரம்புப் பொருள்கள் முதலியவற்றைக் கம்போங் கிளாமில் விற்றனர். அரபு வணிகர்களோடு ஜாவா, பவியான் தீவுகளைச் சேர்ந்தவர்களும் இந்திய முஸ்லிம்களும் இங்குக் கடை வைத்தனர். அவர்களுள் தமிழ் பேசும் துணி வணிகர்களும் இருந்தனர். மலாய்த் தீவுக் கூட்டத்தின் பல பகுதிகளிலிருந்து மக்காவுக்குப் புறப்பட்ட ஹஜ் பயணிகள் கப்பல் ஏறுவதற்கு முன் இந்தப் பகுதியில் தங்கினர். பயணத்துக்கு வேண்டிய உடைகளையும் தொழுகை விரிப்புகளையும் இங்கேயே வாங்கினர். 1970களில் விமானப் பயணம் பெருகியதும் அந்தக் கப்பல் பயணங்கள் நின்றுபோயின.

அரப் ஸ்திரீட்டில் இன்றும் துணிக்கடைகள் உள்ளன. பட்டு, பருத்தி, சரிகைத் துணிகள் சுருள் சுருளாகச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். கடைக்காரர்கள் அவற்றை மீட்டர் கணக்கில் அளந்து வெட்டித் தருவார்கள். திருமணத்துக்கும் பெருநாளுக்கும் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்களுக்கு அரப் ஸ்திரீட் நன்கு தெரிந்த இடம். ஆகவே, ஹாஜி லேனுக்கு ஆடைக் கடைகள் வந்தது முற்றிலும் புதிய செய்தி அன்று. நூறாண்டுக்கும் மேலாகத் துணியோடு தொடர்புடைய வட்டாரத்தில் அத்தொழிலின் புதியதொரு கிளை முளைத்தது என்றே கூற வேண்டும்.

இவ்வட்டாரத்தின் அடையாளமாக விளங்கும் சுல்தான் பள்ளிவாசலிலும் ஒரு செய்தி உண்டு. அதன் இன்றைய கட்டடம் 1932ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் கரிய வளையம் ஒன்று தெரியும். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் அலங்காரமாகத் தோன்றலாம். உண்மையில் அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களால் ஆனது. பணமாக நன்கொடை வழங்க இயலாத ஏழை மக்கள் புட்டிகளைச் சேகரித்துக் கொடுத்தனர். பள்ளிவாசல் கட்டுவதில் அவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பதற்காக அவை குவிமாடத்தில் பதிக்கப்பட்டன. பிறர் குப்பையென்று கருதும் பொருள், உரிய இடத்தில் வைக்கப்பட்டால் பெருமைக்குரியதாகும் என்பதற்கு இது நல்ல சான்று.

கட்டடங்களைக் காத்த மூன்று விதிகள்

1960களுக்குப் பிறகு நகரின் நடுவே வாழ்ந்த பல குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்கு இடம் மாறின. கடைவீடுகள் பழுதடைந்தன. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி உரிமையாளர்கள் வாடகையை விருப்பம்போல் உயர்த்த முடியாது. குறைந்த வாடகை வாடகைதாரர்களுக்கு உதவியாக இருந்தது. ஆனால், செலவு செய்து கட்டடத்தைச் செப்பனிட உரிமையாளர்கள் பலருக்கு ஊக்கம் இல்லாமல் போனது.

பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதியவற்றை எழுப்புவது எளிதான வழி. எனினும், 1989ஆம் ஆண்டில் சைனாடவுன், லிட்டில் இந்தியா ஆகியவற்றோடு கம்போங் கிளாமும் பாதுகாக்கப்பட வேண்டிய வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பாதுகாப்புப் பணிக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் மூன்று கொள்கைகளை வகுத்தது. முதலாவது, கட்டடத்தின் பழைய கூறுகளை இயன்றவரை அப்படியே வைத்திருத்தல். இரண்டாவது, சிதைந்தவற்றை அவற்றின் இயல்பு மாறாமல் மீட்டமைத்தல். மூன்றாவது, பழுதானவற்றைக் கவனத்துடன் சரிசெய்தல். முகப்பு, மரச் சன்னல்கள், ஓட்டுக் கூரை, ஐந்தடி ஆகியவை இவ்வாறு காக்கப்பட்டன.

கட்டடத்தின் தோற்றம் மாறக் கூடாது. ஆனால், அதன் பயன் மாறலாம். இதுவே அம்முறையின் சிறப்பு. ஒரு காலத்தில் குடும்பம் வாழ்ந்த வீடு, பின்னர்ச் சரக்கறையாகி, இன்று ஆடைக் கடையாக இருக்கலாம். பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைக் கறையானும் ஈரமும் அரித்துவிடும். நாள்தோறும் யாராவது கதவைத் திறந்து, பெருக்கித் துடைத்து, விளக்கேற்றும் கட்டடமே நீண்ட காலம் நிலைக்கும்.

2000களில் சிறு வணிகர்கள் ஹாஜி லேனை நாடி வந்தனர். ஆர்ச்சர்ட் ரோட்டின் பெரிய கடைத்தொகுதிகளில் இடம் எடுக்க அவர்களால் இயலவில்லை. கடைவீட்டின் கீழ்த்தளமோ சிறியது. அக்காலத்தில் அதன் வாடகையும் குறைவு. ஒருவரோ இருவரோ சேர்ந்து நடத்தும் கடைக்கு அந்த இடம் போதுமானதாக இருந்தது. பழைய தெருவில் புதிய ஆடைக் கடைகள் தோன்றியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பழங்கால ஆடையை அறிவது எப்படி?

இக்கடைகளில் விற்கப்படும் பழைய ஆடைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஒருவர் முன்பு பயன்படுத்திய எந்த ஆடையும் 'பயன்படுத்திய ஆடை' ஆகும். அது சென்ற ஆண்டு வாங்கப்பட்டதாகவும் இருக்கலாம். குறைந்தது இருபது ஆண்டுகள் பழைமையானதும், தான் தைக்கப்பட்ட காலத்தின் பாணியைத் தெளிவாகக் காட்டுவதுமான ஆடையையே 'விண்டேஜ்', அதாவது பழங்கால ஆடை என்று வணிகர்கள் பொதுவாகக் கூறுவர். மூன்றாவது வகையும் உண்டு. புதிய துணியில், பழைய பாணியில் தைக்கப்படும் ஆடை அது. அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால், அதைப் பழங்கால ஆடை என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலையாகும்.

பழைய ஆடைகள் பல வழிகளில் கடைக்கு வருகின்றன. சில, பாட்டியின் அலமாரியைக் காலி செய்யும் குடும்பங்களிடமிருந்து வருகின்றன. சில, வெளிநாடுகளிலிருந்து அழுத்திக் கட்டப்பட்ட பெரிய பொதிகளாக இறக்குமதி செய்யப்படுகின்றன. மலேசியாவில் இத்தகைய துணிகளை விற்கும் கடையைப் 'பண்டல் கடை' என்றே மக்கள் அழைக்கின்றனர். ஒரு பொதியைப் பிரித்தால் அதில் நல்லதும் இருக்கும், கிழிந்ததும் இருக்கும். அவற்றைப் பொறுமையாகத் தரம் பிரித்து, துவைத்து, பொத்தான் தைத்து, தேய்த்து மாட்டுவது கடைக்காரரின் உழைப்பு. ஆடையின் விலையில் அந்த உழைப்பும் அடங்கும்.

ஓர் ஆடையின் வயதை அறிய அதன் உட்புறத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பழைய பாவாடைகளிலும் கவுன்களிலும் பெரும்பாலும் உலோக ஸிப் இருக்கும். 1960களுக்குப் பிறகு நைலான் ஸிப் பரவலாயிற்று. துவைக்கும் முறையைக் கூறும் சிறு சீட்டை ஆடையில் இணைப்பதை அமெரிக்கா 1972ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. எனவே, அச்சீட்டு இல்லாத அமெரிக்க ஆடை அதற்கு முந்தியதாக இருக்கலாம். சீட்டை யாரேனும் வெட்டி எடுத்திருக்கவும் கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. லீவைஸ் காற்சட்டையின் பின்பையில் சிறிய சிவப்புப் பட்டை ஒன்று தைக்கப்பட்டிருக்கும். 1971ஆம் ஆண்டு வாக்கில் அப்பட்டையிலுள்ள பெயரில் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்தாக மாற்றப்பட்டது. அந்த ஓர் எழுத்தைக் கொண்டே சேகரிப்பாளர்கள் காற்சட்டையின் காலத்தைக் கணிக்கின்றனர். 1990களின் நடுப்பகுதிக்கு முந்திய டி-சட்டைகள் பலவற்றின் கை ஓரத்தில் ஒற்றைத் தையல் மட்டுமே காணப்படும்.

கம்போங் கிளாமில் பாத்தேக் துணியும் ஏராளமாகக் கிடைக்கும். மெழுகால் கோலமிட்டுச் சாயம் தோய்த்துச் செய்யப்படும் உண்மையான பாத்தேக்கில் சாயம் துணியின் உள்வரை ஊறும். அதனால் முன்புறமும் பின்புறமும் ஏறக்குறைய ஒன்று போலவே காணப்படும். இயந்திரத்தில் அச்சிட்ட துணியில் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். பாத்தேக் சாரோங்குடன் அணியப்படும் கெபாயாவும் இங்கு விற்கப்படுகிறது. புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து, 2024ஆம் ஆண்டில் கெபாயாவை யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தன. நன்றாகத் தைக்கப்பட்ட பழைய கெபாயா, ஓர் உடையாக மட்டுமன்றி, கைத்திறனுக்குச் சான்றாகவும் விளங்குகிறது.

பழைய ஆடையை வாங்கும்போது அழகை மட்டும் பார்த்தால் போதாது. துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பூச்சி அரித்த துளைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அக்குளிலும் கழுத்துப்பட்டையிலும் கறை உள்ளதா, தையல் நைந்துள்ளதா, ஸிப் தடையின்றி ஓடுகிறதா என்றும் சோதிக்க வேண்டும். பூஞ்சண வாடை எளிதில் போகாது. உதிர்ந்த பொத்தானையும் பிரிந்த தையலையும் சரிசெய்யலாம். இற்றுப்போன துணியைச் சரிசெய்ய முடியாது. பழைய அளவுக் குறியீடுகள் இன்றைய அளவுகளோடு ஒத்திருப்பதில்லை. ஆகவே, சீட்டில் உள்ள எண்ணை நம்பாமல் அளவு நாடாவால் அளந்து பார்ப்பதே நல்லது.

சிறு கடையில் விலை ஏன் கூடுதல்?

"இணையத்தில் பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் சட்டைக்கு இங்கே அறுபது வெள்ளியா?" என்று சிலர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்விதான். உள்ளூர் வடிவமைப்பாளர் ஒருவர் ஒரு சட்டையை உருவாக்கும் முறையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலில் அவர் படம் வரைகிறார். பிறகு அதற்கேற்ற தாள் வெட்டுமாதிரியைத் தயாரிக்கிறார். மாதிரிச் சட்டை ஒன்றைத் தைத்து, அணிந்து பார்த்து, குறைகளைத் திருத்துகிறார். இவ்வேலைகளுக்கு 300 வெள்ளி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 30 சட்டைகள் மட்டுமே தைத்தால் ஒவ்வொரு சட்டையின் மீதும் 10 வெள்ளி ஏறும். அதே செலவை ஒரு பெரிய நிறுவனம் 30,000 சட்டைகளுக்குப் பங்கிட்டால் ஒரு சட்டைக்கு 1 காசுதான் ஆகும். துணியின் விலையும் அப்படியே. ஆயிரக்கணக்கான மீட்டர் வாங்குபவருக்குக் கிடைக்கும் சலுகை, ஐம்பது மீட்டர் வாங்குபவருக்குக் கிடைக்காது. இவற்றோடு தையற்கூலியும் கடை வாடகையும் சேர்கின்றன.

அதற்காகச் சிறு கடையில் விற்கப்படும் எல்லாமே தரமானவை என்று எண்ணிவிடக் கூடாது. மொத்த விற்பனைச் சந்தையில் வாங்கிய ஆடையில் தங்கள் பெயர்ச்சீட்டை ஒட்டி விற்பவர்களும் இருக்கக்கூடும். "இதை வடிவமைத்தவர் யார்? எங்கே தைக்கப்பட்டது? பழுதானால் சரிசெய்து தருவீர்களா?" என்று பணிவாகக் கேட்கலாம். தம் வேலையை அறிந்த கடைக்காரர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். பெரிய கடைத்தொகுதியில் இக்கேள்விகளைக் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் அங்கே இருப்பது அரிது. வாங்குபவரும் தைத்தவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வாய்ப்பே சிறு கடையின் தனிச்சிறப்பாகும்.

ஆடையின் உண்மையான விலையைக் கணக்கிட இன்னொரு முறையும் உண்டு. ஆடையின் விலையை, அதை எத்தனை முறை அணிந்தோம் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். 15 வெள்ளிச் சட்டையை மூன்று முறை அணிந்துவிட்டு ஒதுக்கினால், ஒருமுறை அணிய 5 வெள்ளி ஆகிறது. 60 வெள்ளிச் சட்டையை அறுபது முறை அணிந்தால் ஒருமுறைக்கு 1 வெள்ளிதான். மலிவான சட்டையையும் அறுபது முறை அணிந்தால் அதுவே மிகச் சிக்கனமானது என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது. ஆக, எங்கே வாங்கினோம் என்பதைவிட எவ்வளவு காலம் பயன்படுத்தினோம் என்பதே முக்கியம்.

தூக்கியெறிந்த துணி எங்கே போகிறது?

ஒரு பருத்திச் சட்டையை உருவாக்கச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது என்று உலக இயற்கை நிதியம் கூறுகிறது. பருத்திச் செடி வளரத் தேவைப்படும் நீர் அதில் பெரும்பங்கு. நூல் நூற்கவும் சாயம் ஏற்றவும் கப்பலில் அனுப்பவும் எரிசக்தி செலவாகிறது. இவ்வளவும் செலவழித்து உருவாக்கிய சட்டை மூன்று முறை அணியப்பட்டுக் குப்பைக்குப் போனால் அது பெரும் வீண் அல்லவா?

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டில் 189,000 டன் துணி, தோல் கழிவுகள் சேர்ந்தன. அவற்றுள் 4 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டது. எஞ்சியவை எரியாலைக்குச் சென்றன. எரித்த பின் மிஞ்சும் சாம்பல், செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்புநிலத்தில் கொட்டப்படுகிறது. அந்த இடம் 2035ஆம் ஆண்டு வாக்கில் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. சிறிய நாடான சிங்கப்பூரில் இன்னொரு தீவை எளிதில் தேட முடியாது.

துணியை மறுசுழற்சி செய்வதும் எளிதன்று. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்த துணியில் இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம். எனவே, ஆடையை மறுசுழற்சிக்கு அனுப்புவதைவிட ஆடையாகவே தொடர்ந்து பயன்படுத்துவது மேலானது. பழைய ஆடைக் கடை செய்யும் சேவை இதுவே. ஒருவருக்கு வேண்டாத ஆடை, வேண்டும் என்பவரிடம் போய்ச் சேர்கிறது.

ஆயினும், இதிலும் அளவு தேவை. "பழைய ஆடைதானே, மலிவாகக் கிடைக்கிறதே" என்று வாரந்தோறும் பை நிறைய வாங்கி அலமாரியில் திணித்தால், அதுவும் வீண்செலவே. தேவைக்கு மேல் வாங்கும் பழக்கத்துக்குப் பழையது, புதியது என்ற வேறுபாடு கிடையாது.

மறைந்த சந்தை சொல்லும் பாடம்

கம்போங் கிளாமிலிருந்து சிறிது தூரத்தில், சுங்கை ரோட்டில், ஒரு காலத்தில் பழம்பொருள் சந்தை ஒன்று இருந்தது. 1930களில் தொடங்கிய அச்சந்தையை மக்கள் 'திருட்டுச் சந்தை' என்றும் அழைத்தனர். பழைய கைக்கடிகாரம், இசைத்தட்டு, காலணி, சட்டை, காற்சட்டை என எல்லாமே தரையில் விரித்த துணியின் மீது வைத்து விற்கப்பட்டன. விற்றவர்களுள் பலர் முதியவர்கள். வாங்க வந்தவர்களுள் குறைந்த வருமானம் கொண்ட தொழிலாளர்களும் இருந்தனர். வட்டார வளர்ச்சித் திட்டத்துக்காக, 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அச்சந்தை மூடப்பட்டது.

ஹாஜி லேனின் கடைவீடுகளைச் சட்டம் காக்கிறது. அவற்றை இடிக்க முடியாது. ஆனால், கடைவீட்டுக்குள் இருக்கும் கடையைச் சட்டம் காக்காது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. தெரு புகழ்பெற்றதும் சுற்றுப்பயணிகள் குவிந்தனர். சுற்றுப்பயணிகள் குவிந்ததும் வாடகை உயர்ந்தது. வாடகை உயரும்போது சிறிய ஆடைக் கடைகள் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறுகின்றன. அதிக வருமானம் ஈட்டும் உணவகங்களும் நினைவுப்பொருள் கடைகளும் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. தெருவைப் புகழ்பெறச் செய்தவர்களே அத்தெருவில் இருக்க முடியாத நிலை இதனால் ஏற்படுகிறது.

இங்கு வருபவர்களுள் பலர் வண்ணச் சுவர்களின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். படம் பிடிப்பது குற்றமன்று. ஆனால், படங்களைக் கொண்டு கடைக்காரரால் வாடகை கட்ட முடியாது. ஒரு தெருவின் உயிர் அதன் சுவர்களில் மட்டும் இல்லை; அங்கு நடைபெறும் தொழிலிலும் இருக்கிறது. மக்களுக்கு ஒரு தொழில் தேவைப்படும்வரைதான் அது நீடிக்கும். இதனால், தேவையில்லாத ஆடையை இரக்கத்தால் வாங்க வேண்டும் என்பதில்லை. எப்படியும் வாங்க வேண்டிய ஓர் ஆடையை ஆண்டுக்கு ஒருமுறை சிறு கடையில் வாங்கினாலும் அது அக்கடைக்கு உதவும்.

அலமாரியிலும் அதே மூன்று விதிகள்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதும் பழமொழிதான். முதலாவது, உடையின் மதிப்பை உணர்த்துகிறது. இரண்டாவது, அந்த மதிப்பு புதுமையால் வருவதன்று, பேணுவதால் வருவது என்பதை உணர்த்துகிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய கருத்தன்று. அம்மாவின் பட்டுச்சேலை மகளுக்குப் பாவாடை தாவணியாவதும், அண்ணனின் சட்டை தம்பிக்கு வருவதும், பழைய பருத்திச் சேலை குழந்தைக்குத் தொட்டிலாவதும் நம் வீடுகளில் நடந்தவையே. அக்காலத்தில் அதை யாரும் நாகரிகம் என்று அழைக்கவில்லை; சிக்கனம் என்றனர். இன்று அதே பழக்கம் ஹாஜி லேனில் நாகரிகமாகத் திரும்பி வந்திருக்கிறது.

கம்போங் கிளாமின் கடைவீடுகளைக் காத்த மூன்று கொள்கைகள் ஒவ்வொருவரின் துணி அலமாரிக்கும் பொருந்தும். நல்ல நிலையிலுள்ள ஆடையை வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். அளவோ பாணியோ பொருந்தாததை அதன் அழகு கெடாமல் மாற்றித் தைக்கலாம். பழுதானதை உடனே சரிசெய்ய வேண்டும். பொத்தான் தைக்கவும் பிரிந்த ஓரத்தை அடிக்கவும் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். அதற்கு மேற்பட்ட வேலைக்கு அக்கம்பக்கத்துத் தையற்காரர் இருக்கிறார். அவருக்கும் வேலை கிடைக்கும்.

இந்த மூன்றையும் செய்த பின்னும் புதிதாக ஓர் ஆடை தேவைப்பட்டால், அப்போது கடைக்குச் செல்லலாம். அந்தக் கடை பெரியதாக இருந்தாலும் சிறியதாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: இதை நான் எத்தனை முறை அணிவேன்?

கருத்தறிதல்

1. ஆடைக் கடைகள் ஹாஜி லேனுக்கு வந்ததை 'முற்றிலும் புதிய செய்தி அன்று' என்று பனுவல் கூறுவதற்குக் காரணம் என்ன?

2. சுல்தான் பள்ளிவாசலின் குவிமாடத்தில் புட்டிகள் பதிக்கப்பட்டதற்கும் பழைய ஆடைகளைப் பயன்படுத்துவதற்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.

3. 15 வெள்ளிச் சட்டை, 60 வெள்ளிச் சட்டை ஆகிய இரண்டில் எது சிக்கனமானது? உமது விடைக்குரிய காரணத்தைக் கூறுக.

4. கடைவீடுகளைச் சட்டம் காத்தபோதும் சிறு கடைகள் மறைவது ஏன்?

5. உம் வீட்டு அலமாரியில் நீண்ட காலமாக அணியப்படாத ஆடை ஒன்றைத் தேர்ந்தெடுக்க. பனுவலில் கூறப்பட்ட மூன்று கொள்கைகளுள் எது அதற்குப் பொருந்தும் என்பதைக் குழுவில் கலந்துரையாடுக.